சைக்கிளும் செருப்பும் ஒரே வரியில்: மாதனூரிலிருந்து மூன்று பாதைகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதனூர் நெடுஞ்சாலை ஓரம் நின்றால் அவர்களைப் பார்க்கலாம். தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கீழே கியர் சைக்கிள். பெங்களூர்ப் பக்கமிருந்தும் சென்னைப் பக்கமிருந்தும் வருகிறார்கள். ஒரு டீ குடித்துவிட்டு மலைப் பக்கம் திரும்பிவிடுவார்கள். காடு, ஏரி, பனி, நாலு போட்டோ, மாலையில் வீடு.

நம் படிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரித் தம்பி ஒருவர் போன மாதம் கேட்டார்: "அண்ணா, நாமளும் ஒரு நாள் சைக்கிள்ல போலாமா? காட்டுப் பக்கம், ஏரிப் பக்கமா நல்ல ரூட்டு இருந்தா சொல்லுங்கண்ணா."

ரூட் சொல்வது சுலபம். மாதனூரிலிருந்து மூன்று பாதைகள் உண்டு. முதல் பாதை தெற்கே. ஒடுகத்தூர் சாலையில் மிதித்தால் ஜவ்வாது மலையின் அடிவாரக் காடு வந்துவிடும். இரண்டாவது ஆம்பூர் போய், அங்கிருந்து நாயக்கனேரி மலைச்சாலை. மூன்றாவது இன்னும் மேற்கே, வாணியம்பாடியைத் தாண்டி ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர், மேலே போனால் புங்கனூர் ஏரி. வழியெல்லாம் ஊருக்கு ஓர் ஏரி, ஏரிக்கரையில் பனைமரம்.

இவ்வளவுதான் ரூட். ஆனால் இதை மட்டும் எழுதிக் கொடுத்தால் நாம் அந்தத் தம்பிக்குப் பாதிதான் சொன்னவர்களாவோம். இந்தச் சாலையில் நம் காலில் செருப்போடு, சைக்கிள் மேல் உட்கார்ந்து, ஏரிக்கரையில் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவதற்கு நூறு வருடம் ஆகியிருக்கிறது. அந்த நூறு வருடத்தையும் சேர்த்துத்தான் ரூட் சொல்ல வேண்டும்.

சட்டத்தில் ஏன் சைக்கிள்?

பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமை தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015-இல் அதைத் திருத்தினார்கள். திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பிரிவு 3(1)-இல் 'இசட் ஏ' என்ற உட்பிரிவைத் தோழர்கள் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். முதல் பத்தி ஊரின் பொதுச் சொத்துகளையும் ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், படித்துறை, சாலை, வழி ஆகியவற்றையும் நாம் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. அடுத்த பத்தி பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புதுத் துணி உடுத்துவதை, திருமண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு.

ஒரு நாட்டின் நாடாளுமன்றம் 2015-இல் உட்கார்ந்து, சைக்கிள் ஓட்டுபவரைத் தடுக்காதே என்று சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. தடுப்பு நடக்காத இடத்தில் யாரும் அப்படிச் சட்டம் எழுத மாட்டார்கள். சாலை, நீர், செருப்பு, சைக்கிள் என்று அந்த நான்கு சொற்களும் நம் மூன்று பாதைகளிலும் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக எடுப்போம்.

சாலை

1924 ஆகஸ்ட் 22. சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் நகரத்திலும் பொதுச்சாலையில், தெருவில், நடைபாதையில் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் எதற்கும் போகலாம். இதற்கு ஆட்சேபம் இல்லை என்று அரசு அறிவிக்க வேண்டும் என்பது தீர்மானம். அது நிறைவேறியது. செப்டம்பர் 25-இல் அரசாணை வந்தது.

"நடக்கலாம், ஆட்சேபம் இல்லை" என்ற சொற்களைக் கவனியுங்கள். தெருவில் நடப்பதற்கு ஓர் அரசாணை. அதிலும் தடுப்பவரைத் தண்டிக்க ஒரு வரி கிடையாது. பதினான்கு வருடம் கழித்து 1938-இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா சென்னை மாகாணத்தின் சமூகத் தடைகள் நீக்கச் சட்டமாக ஆனது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1989-இல் வன்கொடுமை தடுப்புச் சட்டம், 2015-இல் திருத்தம். ஒரே சாலையைத் திறக்க எத்தனை முறை சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சட்டமும் முந்தைய சட்டம் ஊருக்குள் நுழையவில்லை என்பதற்கான ஒப்புதல்.

நம் பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். சொல்லத் தயங்குவார்கள், கொஞ்சம் உட்கார்ந்து பேசினால் சொல்வார்கள். "சைக்கிள் வாங்கினோம் தம்பி. ஆனா ஊர்த்தெரு வந்தா எறங்கித் தள்ளிக்கினுதான் போவோம். செருப்பக் கழட்டி ஹேண்டில்பார்ல மாட்டிக்குவோம்." இதைச் சொன்னவருக்கு அந்தச் சைக்கிள் மூன்று வருடச் சேமிப்பு. ஊர்த்தெருவின் நீளம் இருநூறு அடி. அந்த இருநூறு அடியில் அவர் சைக்கிளை ஓட்டியதில்லை. சைக்கிள்தான் அவர் தோள்மேல் சுமையாக வந்தது.

நீர்

ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தினால் முதலில் மதகைப் பாருங்கள். தமிழகத்தின் ஏரிப் பாசன ஊர்கள் பலவற்றில் மதகைத் திறந்து மூடி, வாய்க்கால் பார்த்து, வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துவிடும் வேலை தலித்துகளுடையது. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். வெள்ளம் வரும் இரவில் கரையைக் காத்தவர்கள் அவர்கள். ஏரியின் குணத்தை அவர்களைவிட அறிந்தவர் கிடையாது. ஆனால் அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலம் அவர்களுடையதாக இருந்தது அரிது. ஊர்க்கிணற்றில் வாளி இறக்கும் உரிமையும் இல்லை.

1927 மார்ச் 20-இல் மகாத்தில் சவதார் குளத்துத் தண்ணீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்ததை நாம் எல்லோரும் அறிவோம். பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் பொது என்று பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் இருந்தும் குளத்தில் இறங்க ஒரு போராட்டம் தேவைப்பட்டது. இறங்கிய பிறகு அடி விழுந்தது. வழக்கு பத்து வருடம் நடந்து, 1937-இல்தான் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

மகாத் அளவுக்குப் பேசப்படாத இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. அது ஒரு சுற்றுலா. 1934-இல் அம்பேத்கரும் இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேரும் எல்லோராக் குகைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். வேலை கிடையாது, கூட்டம் கிடையாது. ஊர் பார்க்கத்தான் போனார்கள். வழியில் நிஜாம் ஆட்சிப் பகுதியில் தௌலதாபாத் கோட்டை. பயணத் தூசி போகக் கோட்டை வாசலில் இருந்த குளத்தில் முகம் கழுவினார்கள். உடனே ஒரு முதியவர் கத்திக்கொண்டு வந்தார், கூட்டம் சேர்ந்தது, குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று வசவு விழுந்தது. கடைசியில் கோட்டைக்குள் அனுமதித்தார்கள், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு. கூடவே ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாய் காவல். இரண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் டாக்டர் பட்டம் பெற்றவர், வட்டமேசை மாநாட்டில் பேசியவர், ஒரு நாள் ஊர் பார்க்கப் போனால் நிலைமை இது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

காடும் ஏரியும் பார்க்கப் போவதை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் ஒருவரைத் தடுப்பது அநீதி என்று பலர் ஒப்புக்கொள்வார்கள். சும்மா ஊர் சுற்றும் நம்மைத் தடுத்தால் "உனக்கு அங்கே என்ன வேலை?" என்ற கேள்விதான் வரும். வேலை எதுவும் இல்லாமலே ஓர் இடத்தில் நிற்கலாம் என்பதுதான் முழுக் குடியுரிமை.

செருப்பு

இப்போது காட்டுக்குள் வருவோம். வழியில் மஞ்சள் பூ பூத்த ஆவாரஞ்செடியைப் பார்ப்பீர்கள். நம் பகுதியின் தோல் தொழிலுக்கு அந்தச் செடி ஒரு தாய். குரோமியம் வருவதற்கு முன் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பட்டையை உரித்துக் கட்டுக் கட்டாக அனுப்பிய கைகள் ஏழைகளின் கைகள். தொட்டியில் இறங்கி, சுண்ணாம்புத் தோலை இழுத்த கைகளும் நம் கைகள். அந்தத் தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்து காடுகள் காப்புக்காடுகள் ஆனபோது, விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை நம்பியிருந்தவர்கள் அனுமதிச் சீட்டுக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

1970-களில் பதனிடாத, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் குறைத்து, முழுத்தோலாகவும் காலணியாகவும் அனுப்ப வேண்டும் என்று ஒன்றிய அரசு முடிவெடுத்தது. குரோமியப் பதனிடல் பெருகியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வளர்ந்தன. பாலாறு செத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுப்போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. கெடுத்தவரே இழப்பைத் தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு நம் பாலாற்றின் தீர்ப்புதான். 2025 சனவரியிலும் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

இங்கே ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். ஐரோப்பாவின் கால்களுக்குச் செருப்பும் ஷூவும் தைத்துக் கொடுப்பது நம் தோல் பட்டை. தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் நம் அக்கா தங்கைகள் ஏராளம். அந்த வேலை செய்யும் மக்களின் காலில் செருப்பு இருக்கலாம் என்று சட்டத்தில் எழுத வேண்டியிருந்த நாடு இது. தோலைத் தொட்டவர் தீட்டு, தோலை விற்ற பணம் தீட்டில்லை. சாதியின் பொருளாதாரத்தை ஒரு வகுப்பில் விளக்கச் சொன்னால் இந்த ஒரு வரி போதும்.

சைக்கிள்

இந்தத் தடைகளை உடைத்ததில் சைக்கிளுக்குப் பங்கு உண்டு. சொந்தமாக வாங்க முடியாத காலத்தில் வாடகைக் கடையில் மணிக்கணக்கில் எடுத்து, குரங்கு பெடல் போட்டுக் கற்றோம். சைக்கிள் வந்ததும் பண்ணையார் நிலத்தை விட்டால் வேறு வேலை இல்லை என்ற நிலை தளர்ந்தது. பத்து மைல் தள்ளியிருந்த தோல் ஷாப்புக்கு விடியற்காலையில் போய் இருட்டியதும் திரும்பலாம். கூலி நாணயமாகக் கைக்கு வரும். ஊரில் கைகட்டி நிற்கத் தேவையில்லை. ஊர்த்தெருவில் சைக்கிளைவிட்டு இறங்கச் சொன்னவர்களின் கோபம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கல் குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். தமிழ்நாடு அரசின் இலவசச் சைக்கிள் 2001-02-இல் தொடங்கியபோது முதலில் பெற்றவர்கள் மேல்நிலை வகுப்பில் படித்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகள். பிறகுதான் அது எல்லோருக்குமான திட்டம் ஆனது.

வட இந்தியாவில் 1983 மார்ச் 15-இல் கன்ஷிராம் நூறு பேரோடு டெல்லியிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். ஏழு மாநிலங்கள், நாற்பது நாள். கார் இல்லை, பணம் இல்லை; இரண்டு காலும் இரண்டு சக்கரமும் இருக்கின்றன என்பதுதான் செய்தி. அடுத்த வருடம் ஏப்ரல் 14-இல் பகுஜன் சமாஜ் கட்சி பிறந்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் தேசிய சைக்கிள் சங்கம் 1894-இல் கறுப்பின மக்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று விதி போட்டது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 25-ஆவது காலாட்படையின் கறுப்பினச் சிப்பாய்கள் மொன்டானாவிலிருந்து யெல்லோஸ்டோன் காட்டுக்கும் ஏரிக்கும் சைக்கிளில் போனார்கள். 1897-இல் இருபது பேர் செயின்ட் லூயிஸ் வரை 1,900 மைல் மிதித்தார்கள். 1899-இல் மேஜர் டெய்லர் என்ற கறுப்பின வீரர் சைக்கிள் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனார். அந்தச் சங்கம் தன் நிறவெறி விதியை வெளிப்படையாகக் கைவிட்டது 1999-இல்.

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்றது குடும்பத்தின் புகார். சட்டத்தின் அந்த வரி இன்னும் வேலையில்தான் இருக்கிறது.

மலைமேல் நமக்கு ஒரு கேள்வி

நாயக்கனேரிப் பாதையில் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். நாயக்கனேரி மாதனூர் ஒன்றியத்து மலை ஊராட்சி. மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். 2021 உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரே ஒரு பெண் மனுச் செய்தார், போட்டியின்றித் தேர்வானார். மலைமக்கள் எதிர்த்தார்கள். பழங்குடியினர் நிறைந்த ஊராட்சியைப் பழங்குடியினருக்குத்தான் ஒதுக்க வேண்டும் என்றார்கள். வெற்றி பெற்றவர் பதவியேற்க முடியாமல் விவகாரம் உயர் நீதிமன்றம் போனது.

இதில் மலைமக்களின் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. தேர்வான பெண்ணின் உரிமையிலும் நியாயம் இருக்கிறது. நாம் மேலே சொன்ன வன்கொடுமைச் சட்டம் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதவர் செய்யும் குற்றத்துக்குத்தான் பொருந்தும். நமக்கும் பழங்குடி மக்களுக்கும் இடையே வரும் பிணக்கைத் தீர்க்க அதில் வழியில்லை. அதை உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். பேசுவதற்கு அவர்கள் வீட்டுத் திண்ணை வரை நாம் போயிருக்க வேண்டும்.

ஒடுகத்தூர்ப் பக்கத்துக் காட்டைப் பற்றியும் ஒன்று. 2023 மே மாதம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லை, மருத்துவமனை சேர்வதற்குள் குழந்தை இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலையேறி நடந்தார். நமக்குச் சாகசமாகத் தெரியும் கரடுமுரடான பாதை அங்கே இருப்பவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. "இந்த இடம் இப்படியே இயற்கையாக இருக்கட்டும்" என்று போட்டோவுக்குக் கீழே எழுதும் முன் அந்தத் தாயை நினையுங்கள்.

எப்படிப் போவது

தம்பி கேட்ட ரூட்டுக்கு இப்போது பதில் முடிகிறது. போகலாம், கட்டாயம் போகலாம். ஐந்தாறு பேராகப் போங்கள், பெண் தோழர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். கியர் சைக்கிள் தேவையில்லை, பள்ளியில் கொடுத்த சைக்கிளே போதும். பஞ்சர் சாமானும் காற்றடிக்கும் பம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள், தார்ச்சாலையிலேயே போங்கள். கரடி நடமாட்டம் உண்டு, இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுங்கள்.

ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஏரியில் நீர் இருக்கிறது, எதில் கழிவு இருக்கிறது, எந்த ஊரில் சேரிக்குத் தனிச் சாலை, எந்த டீக்கடையில் தனி டம்ளர், எந்த மலைக் கிராமத்துக்கு ஆம்புலன்ஸ் போகாது என்று தேதியோடு எழுதுங்கள். வழியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் அவர்கள் முதல் சைக்கிளைப் பற்றிக் கேளுங்கள். யாராவது உங்களை நிறுத்தி "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டால் சண்டை போடாதீர்கள். நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு எங்களுக்குத் தகவல் கொடுங்கள். பிரிவு எண் உங்களுக்குத் தெரியும், மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் சேர்ந்து செய்வோம்.

ஊர்த்தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன அந்தப் பெரியவரிடம் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போறப்ப எங்க ஊரு வழியா போங்க. நானும் தெருமொனையில நிக்கிறேன்" என்றார். ஆகவே முதல் பாதையில் ஒரு சின்ன மாற்றம். கொஞ்சம் சுற்றுத்தான். அந்தத் தெரு வழியாகப் போவோம், இறங்காமல்.